சாய மாஸ்டர் கட்டிய டாங்கி

கோட்டைச்சாமி பஸ்ஸிலிருந்து விழுந்ததற்கு ஒரு கட்டுப் பச்சை நூல்தான் காரணம். திருச்சுழியிலிருந்து தினமும் அருப்புக்கோட்டைக்குச் சாயப்பட்டறை வேலைக்குப் போகிறவர், அன்றும் வழக்கம்போல ஸ்டாப் வருவதற்கு முன்பே படிக்கு வந்துவிட்டார். சாலையோரத்தில் வேறொரு சாயப்பட்டறையின் ஆட்கள் மூங்கிலில் நூலைக் காயப்போட்டிருந்தார்கள். 'ராமர் பச்சைன்னு நெனச்சு முக்கியிருக்கான். மஞ்சள் தூக்கிருச்சு. எவன் அந்த மாஸ்டரு?' என்று தலையைத் திருப்பினார். தலை போன திசையில் உடம்பும் போனது. நல்லவேளை, பஸ் கிட்டத்தட்ட நின்றிருந்தது. கணுக்காலில் எலும்பு விரிசல், மாவுக்கட்டு, ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் மிளகாய்க்கும் பருத்திக்கும் கூலிக்குப் போனவர்கள். இவர் பதினெட்டு வயதில் அருப்புக்கோட்டைக்கு நூல் பிழியப் போனார். நாலே வருஷத்தில் முதலாளிக்குத் தெரிந்துவிட்டது, இந்தப் பயலின் கண்ணில் என்னவோ இருக்கிறது என்று. போன வருஷம் முக்கிய நூலுக்கும் இந்த வருஷம் முக்கிய நூலுக்கும் நடுவில் ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் அவர் கண்ணில் குத்தும். இப்போது ஐம்பத்திரண்டு வயது. அருப்புக்கோட்டையில் 'சாய மாஸ்டர்' என்றாலே அவர்தான்.

பட்டறைக்கு வரமாக இருந்த அந்தக் கண் வீட்டுக்குப் பெரிய இம்சையாக இருந்தது. டீயைக் கையில் வாங்கியதுமே "பால்காரனை மாத்திட்டியா?" என்பார். ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "மாப்பிள்ளை வேட்டிக் கரையும் துண்டுக் கரையும் ஒரே தொட்டியில முங்கினது இல்ல" என்று சும்மா சொல்லி வைத்தார். பெண் வீட்டார் ஜோடியாக எடுக்காமல் தனித்தனியாக எடுத்துவிட்டார்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் ரெண்டு நாள் பேசாமல் இருந்தார்கள்.

இப்படிப்பட்ட மனுஷர் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தால் என்ன ஆகும்? முதல் நாள் சுவரைப் பார்த்து, தெற்குச் சுவருக்கு மட்டும் வெள்ளையில் நீலம் கூடிப்போனது என்றார். ரெண்டாம் நாள் மனைவி முத்துலட்சுமியின் குழம்பைப் பார்த்து, நேற்றையதைவிட இன்றைக்கு ஒரு ஷேடு குறைவு என்றார். மூன்றாம் நாள் அவர் வாயைத் திறக்கும் முன்பே முத்துலட்சுமி முக்காலி போட்டு ஏறி, பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கி அவர் மடியில் வைத்தாள்.

"இத ஒட்டிக்கிட்டு இருங்க. வாயி கொஞ்சம் ஓயட்டும்."

அது அவள் தம்பி மாரிச்செல்வம் கொடுத்த பெட்டி. மாரிச்செல்வம் ராணுவத்தில் பதினேழு வருஷம் டாங்கிப் படையில் இருந்துவிட்டு வந்தவன். இப்போது திருச்சுழியில் ஒரு வங்கியில் செக்யூரிட்டி. ஆனால் ஊரில் யாரும் அவனை செக்யூரிட்டி என்று சொல்வதில்லை. 'டேங்க் மாரி' என்றுதான் பெயர். பொங்கலுக்கு வைக்கிற ஃபிளெக்ஸில் அவன் படத்துக்குக் கீழே 'பாலைவனப் புலி' என்று போடுவார்கள். ராஜஸ்தான் மணலில் டாங்கியை எப்படி விரட்டினான், எப்படி ஒரே திருப்பில் நிறுத்தினான் என்று அவன் சொல்லாத கல்யாண வீடு இல்லை. படைப்பிரிவு விழாவில் தம்போலா விளையாட்டில் அவனுக்கு விழுந்த பரிசுதான் அந்தப் பெட்டி. உள்ளே, நிஜ டாங்கியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கிய பிளாஸ்டிக் மாதிரி, துண்டு துண்டாக. அதை அக்கா மகள் சத்யபிரியாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் அப்போது பிளஸ் டூ. "டேங்க வச்சு நான் என்ன மாமா பண்ண?" என்று பரணில் ஏற்றிவிட்டு, அடுத்த வருஷம் மதுரைக்கு நர்சிங் படிக்கப் போய்விட்டாள்.

கோட்டைச்சாமி பெட்டியைத் திறந்தார். கொடியில் கொத்தவரங்காய் தொங்குகிற மாதிரி பிளாஸ்டிக் சட்டங்களில் நூற்றுக்கணக்கான துண்டுகள். எப்படி ஒட்டுவது என்று ஒரு புத்தகம், எழுத்தே இல்லாமல் படங்களும் அம்புக்குறிகளும் மட்டும். இது அவருக்குப் பிடித்திருந்தது. எழுத்து இருந்தால்தான் வாசிக்க வேண்டும். படத்தைப் பார்த்தால் போதும்.

நகவெட்டியால் துண்டுகளை வெட்டினார். மகளின் புருவம் பிடுங்கும் இடுக்கியால் எடுத்து ஒட்டினார். முதல் நாள் முடிவில் டாங்கியில் ஒட்டியதைவிட மாவுக்கட்டில் ஒட்டியது அதிகம். உபரியாக வந்திருந்த ரெண்டு சக்கரமும் ஒரு கொக்கியும் கட்டு பிரிக்கிற வரை அங்கேயேதான் இருந்தன. சங்கிலிப் பட்டை இன்னும் மோசம். ஒரு பக்கத்துக்கே தொண்ணூற்றுச் சொச்சம் கண்ணிகள், ஒவ்வொன்றும் அரிசி அகலம். முப்பதாவது கண்ணியை ஒட்டும்போது முத்துலட்சுமி மிளகாய் வறுத்தாள். கோட்டைச்சாமி ஒரு தும்மல் போட்டார். முப்பதும் பிரிந்து மூலைக்கொன்றாகப் போயின. அவர் கோபப்படவில்லை. திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். சாயத் தொட்டியில் பிசகினால் ஒரு லோடு நூல் போகும். இங்கே தும்மினால் தும்மல் மட்டும்தான் என்பது அவருக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

ஒரு நாள், பீரங்கிக் கூண்டின் மேல் வரவேண்டிய சின்ன விளக்கு இடுக்கியிலிருந்து துள்ளிப் பறந்தது. கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு, கன்னம் தரையில் படப் படுத்து, டார்ச் அடித்துத் தேடினார். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் குருவம்மாள் நலம் விசாரிக்க வந்தாள். வாசலிலேயே நின்று, "அய்யய்யோ, மதினி, அண்ணன் விழுந்து கெடக்காக" என்று தெருவையே கூட்டிவிட்டாள். முத்துலட்சுமி வந்து பார்த்தாள். ஒன்றும் பேசாமல் தரையைக் கூட்டி, குப்பையை முறத்தில் அள்ளி, நாலு புடை புடைத்தாள். தூசி பறந்தது, முடி ஒதுங்கியது, கடுகளவு விளக்கு முறத்தின் நுனியில் வந்து நின்றது.

"இதுக்குத்தானே உருண்டீக?"

குருவம்மாள் மட்டும் போகவில்லை. "அண்ணன் என்ன செய்றாக?" என்று கேட்டாள்.

"டேங்கு கட்டுறாரு" என்றாள் முத்துலட்சுமி, இருந்த எரிச்சலில்.

மறுநாள் காலையில் குருவம்மாளும் இன்னும் மூன்று பெண்களும் வாசலில் நின்றார்கள். எத்தனை லிட்டர் டேங்கு, குழாய் தெருவுக்குக் கிழக்கேயும் வருமா, மனு எழுதிக் கொடுக்கணுமா என்று கேட்டார்கள். கோட்டைச்சாமி உள்ளங்கையில் டாங்கியை ஏந்தி வாசலுக்கு நொண்டி வந்து காட்டினார். குருவம்மாள் குனிந்து பார்த்தாள். "இதுல ஒரு செம்பு தண்ணி புடிக்காதே" என்றாள். நால்வரும் திரும்பிப் போனார்கள். ரெண்டு நாளைக்கு அந்தப் பக்கம் யாரும் நலம் விசாரிக்க வரவில்லை.

ஒட்டி முடிந்ததும் வர்ணம். இங்கேதான் கோட்டைச்சாமி உயிர்பெற்றார். ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்புக்கு வந்த மாரிச்செல்வத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"மாப்ள, நீ ஓட்டுன டேங்கு என்ன நெறம்?"

"ஆலிவ் பச்சை மச்சான்."

"ஆலிவ்னா எனக்கு எண்ணெய்தான் தெரியும். நம்ம பக்கத்துல எது அந்த நெறம்?"

மாரிச்செல்வம் யோசித்தான். "காஞ்ச பாசி மாதிரின்னு வச்சுக்கங்களேன்."

"காஞ்ச பாசியில முப்பது வகை இருக்கு. கண்மாய்ப் பாசியா, கெணத்துப் பாசியா?"

மாரிச்செல்வம் கோழிக்காலைக் கடித்துக்கொண்டு, "அதெல்லாம் ஓட்டுறப்ப யாரு பாக்குறா? ஸ்டியரிங்கப் புடிச்சா ரோட்டத்தான் பாக்கணும்" என்றான்.

கோட்டைச்சாமியின் கை அப்படியே நின்றது. கால் உடைந்த இந்த ஒரு மாதத்தில் டாங்கியைப் பற்றி போனில் அவர் பார்க்காத வீடியோ இல்லை. இந்த வகை டாங்கிக்கு ஸ்டியரிங் கிடையாது. ஓட்டுபவர் ரெண்டு பக்கமும் ரெண்டு லிவரைப் பிடித்து இழுத்துத்தான் திருப்புவார். ஆனால் பதினேழு வருஷம் அதில் இருந்தவனிடம் ஒரு மாதம் ஒட்டியவர் என்ன பேசுவது? பேச்சுக்குச் சொல்லியிருப்பான் என்று விட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் மாரிச்செல்வம், உள்ளே நாலு பேர் இருப்போம், ஒருத்தன் குண்டைத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருப்பான் என்றான். குண்டை இயந்திரமே தூக்கிப் போடும், ஆள் மூன்றுதான் என்பதும் கோட்டைச்சாமிக்குத் தெரியும். அதையும் குழம்போடு சேர்த்து விழுங்கினார்.

பச்சைக்கு முத்துலட்சுமிதான் வழி சொன்னாள். "அவன் பட்டாளத்துப் பொட்டி பச்சையாத்தானே இருக்கு? அத வச்சுப் பாருங்க." மாரிச்செல்வம் டூட்டிக்குப் போயிருந்தபோது அவன் மனைவி செல்லக்கிளியிடம் கேட்டாள். செல்லக்கிளி போர்வைகளைக் கொட்டிவிட்டு, வெறும் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாள்.

கோட்டைச்சாமி பெட்டியை முற்றத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். மூடியில் வெள்ளை எழுத்தில் நம்பரும் பெயரும் இருந்தன. அதற்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. வேறு யார் பார்த்தாலும் மூடி முழுக்க ஒரே பச்சைதான். கோட்டைச்சாமிக்கு அது ரெண்டு பச்சை. பட்டையில் நீலம் ஒரு சொட்டு கூடுதல். பிற்பாடு யாரோ வேறு டப்பாவில் வாங்கி அடித்திருக்கிறார்கள். பெட்டியைச் சரித்து வெயிலைப் பக்கவாட்டில் வாங்கினார். வர்ணத்துக்கு அடியில் மேடாக நாலு எழுத்து தெரிந்தது. சாய டப்பாக்களில் படித்துப் பழகிய இங்கிலீஷில் எழுத்துக் கூட்டினார். சி, எச், இ, எஃப்.

அவருக்கு நெஞ்சு விம்மியது. மச்சினன் வெறும் டிரைவர் இல்லை, சீஃப். அதையும் பெருமை பேசாமல் வர்ணம் அடித்து மறைத்திருக்கிறான். ஸ்டியரிங் விஷயத்தில் அவனைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கப்பட்டு, உடனே மதுரைக்கு மகளைப் போனில் கூப்பிட்டார்.

"சத்யா, உங்க மாமன் பட்டாளத்துல சீஃப்பா இருந்திருக்கான், தெரியுமா ஒனக்கு?"

"யாருப்பா சொன்னா?"

"பொட்டியில போட்டுருக்கு. சி, எச், இ, எஃப்."

"சீஃப்புக்கு நடுவுல ஒரு ஐ வரும்ப்பா" என்றாள் சத்யபிரியா. "இது செஃப்பு. சமையல்காரரு."

கோட்டைச்சாமி போனை வைத்துவிட்டு வெகுநேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு வருஷக் கதை. ஒவ்வொரு லீவுக்கும் ஒரு கோழி. பொண்ணு சடங்கில் மேடையில் அவனுக்கு நாற்காலி. அவருக்குக் கோபம் வந்தது, ஆனால் யார் மேல் என்று பிடிபடவில்லை. சாயம் போன துணியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. அடுப்படியில் இருந்த முத்துலட்சுமியிடம் போய் மெதுவாகச் சொன்னார்.

"ஒந்தம்பி டேங்கு ஓட்டலயாம். சமையலாம்."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும்."

"எப்ப இருந்து?"

"மொத லீவுக்கு வந்தப்பவே. நான் ரசம் வைக்கேன், பின்னால வந்து நின்னு, 'அக்கா, பூண்டத் தட்டிப் போடு, நசுக்காத' ன்னான். டேங்கு ஓட்டுறவனுக்குப் பூண்டு மேல என்ன அக்கறை?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

"எங்க அப்பா டீக்கடையில, மகன் டேங்குப் படையில சேந்துட்டான்னு சொல்லியிருக்காரு. ஓட்டுறானான்னு எவனோ கேட்டிருக்கான். ஆமான்னுட்டாரு. இவன் லீவுல வந்து எறங்குறான், பஸ் ஸ்டாண்டுல மாலையோட நிக்காக. கழுத்துல விழுந்த மாலைய எப்படிக் கழட்ட? அப்பா போய்ச் சேந்துட்டாரு, மாலை மட்டும் கெடக்கு."

கோட்டைச்சாமி அந்தப் பட்டையைத் தொடாமல், பழைய பச்சையை மட்டும் பார்த்து வர்ணம் கலந்தார். மூன்று நாளில் டாங்கி அச்சு அசலாக வந்துவிட்டது. பிறகு அவர் கரிசல் மண்ணைப் பழைய வேட்டியில் சலித்து, தண்ணீரில் குழைத்து, சங்கிலிப் பட்டையிலும் அடிப்பாகத்திலும் அப்ப ஆரம்பித்தார். முத்துலட்சுமியால் இதை மட்டும் தாங்க முடியவில்லை. "ஒரு மாசமாக் கண்ணு போகப் போக ஒட்டிப் பெயிண்ட் அடிச்சுப்புட்டு இப்ப எதுக்குச் சேறு பூசுறீக?" என்றாள். புது டாங்கி போல இருந்தால் பொம்மை என்று நினைப்பார்கள், ஓடிய டாங்கி போல இருக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். அவள் நம்பவில்லை. மறுநாள் அவர் தூங்கி எழுந்தபோது டாங்கி சுத்தமாகத் துடைக்கப்பட்டு, பொட்டு வைக்கப்பட்டு இருந்தது. ஆயுத பூஜை வாரம் அது. சேற்றைத் திரும்பப் பூசினார். குங்குமத்தை எடுக்க அவருக்கும் தைரியம் வரவில்லை.

கட்டைப் பிரித்து வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் அந்த டாங்கியின் பேச்சு ஊரில் சுற்றிக்கொண்டிருந்தது. ஜனவரியில் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை சுகப்பிரியா ஆள் அனுப்பினார். குடியரசு தினத்தன்று கோட்டைச்சாமி டாங்கியைக் கொண்டுவர வேண்டும், மாரிச்செல்வம் அதைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும்.

மாரிச்செல்வம் கோட்டுப் போட்டு, பதக்கங்கள் குத்தி வந்திருந்தான். வெள்ளைத் துணி விரித்த மேஜையில் டாங்கி. ஆரம்பம் பிரமாதமாக இருந்தது. பாலைவனம், வெயில், எதிரி என்று ஏற்றிக்கொண்டே போனான். அப்போது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள்.

"சார், உள்ள உக்காந்து மூடிக்கிட்டா ரோடு எப்படித் தெரியும்? ஸ்டியரிங் எங்க இருக்கும்?"

மாரிச்செல்வம் டாங்கியைப் பார்த்தான். டாங்கி அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கோட்டைச்சாமி எழுந்து மேஜைக்கு வந்தார்.

"அத நான் சொல்றேன் மாப்ள. கட்டுனவன் நாந்தானே" என்று சட்டைப்பையில் இருந்த இடுக்கியால் முன்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "இதுக்கு ஸ்டியரிங் இல்ல தாயி. ரெண்டு லிவரு. வலது பக்கம் திரும்பணும்னா வலது லிவர இழுக்கணும். இந்தக் கண்ணாடிக் கட்டை வழியாத்தான் ரோடு தெரியும்."

மாரிச்செல்வம் அவரைத் திரும்பிப் பார்த்தான். மச்சானுக்கு எல்லாம் தெரியும் என்று அந்த ஒரு பார்வையிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. அந்தப் பெண் உட்காரவில்லை.

"அப்ப சாப்பாடு சார்? பாலைவனத்துல அவங்களுக்கு யாரு சோறு குடுப்பா?"

மாரிச்செல்வம் டாங்கியைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். மெதுவாகத்தான் ஆரம்பித்தான். மணல் காற்று அடிக்கும்போது ஈரச் சாக்கை நாலு பக்கமும் கட்டி நடுவில் அடுப்பு வைக்க வேண்டும். மாவு பிசையும்போது காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சப்பாத்தி பல்லைப் பேர்க்கும். வெளிச்சம் தெரியக் கூடாது, புகை தெரியக் கூடாது, ஆனால் நூற்றைம்பது பேருக்குப் பூரி வேண்டும். ஒருமுறை தண்ணீர் லாரி மணலில் சிக்கி ஒரு நாள் முழுக்க வரவில்லை, இருந்த ரெண்டு கேன் தண்ணீரில் பருப்பை எப்படி வேகவைத்தோம் என்று அவன் சொன்னபோது பள்ளிக்கூடமே மூச்சுவிடாமல் கேட்டது. திருச்சுழிப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் லாரி வராத நாளைப் பற்றி விளக்கம் தேவைப்படவில்லை. அரைமணி நேரம் பேசினான். கையால் மாவு தேய்த்துக் காட்டினான். பதினேழு வருஷத்தில் இவ்வளவு நல்லபடியாக அவன் ஒரு கதை சொல்லி கோட்டைச்சாமி கேட்டதில்லை.

"ஒங்களுக்கு எப்படி சார் இவ்வளவு தெரியும்?" என்றாள் அந்தப் பெண்.

மாரிச்செல்வம் கோட்டின் பொத்தானைத் தடவினான். "நான்தாம்மா சமைச்சேன்" என்றான்.

தலைமை ஆசிரியை சுகப்பிரியா முதலில் கைதட்டினார். பிள்ளைகள் அதைவிடப் பலமாகத் தட்டினார்கள். பின்னால் நின்ற பெரியவர்களுக்குத்தான் கை வரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டீக்கடையில் நாலு நாள் அவன் தலை உருண்டது. "ஏலே மாரி, டேங்குல ஹார்ன் அடிச்சா விசிலா வரும், குக்கர் மாதிரி?" என்று பால்ச்சாமி கேட்டான். மாரிச்செல்வம் ஒரு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. அடுத்த மாதம் மாசிச் சிவராத்திரிக்கு வைத்த சமையல்காரர் வர முடியாது என்று சொல்லிவிட்டார். குலசாமி கோயிலில் நானூறு பேர் கூடிவிட்டார்கள். பால்ச்சாமியே போய் நின்றான். "மாரி, நீயா ஏதாச்சும் பாத்துச் செய்யி" என்றான். அன்றைக்கு அவன் வைத்த சாம்பாரை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்ட பால்ச்சாமி, இலையை மடக்கும்போது, "டேங்க எவன் வேணா ஓட்டிருவான்" என்றான். ஃபிளெக்ஸில் இப்போதும் 'பாலைவனப் புலி'தான். கையில் மட்டும் கரண்டியைச் சேர்த்துவிட்டார்கள்.

கோட்டைச்சாமி இப்போது அந்த டாங்கிக்குப் பின்னால் ஒரு சமையல் கூடாரம் கட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாரிச்செல்வம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான். மருந்து பாட்டில் மூடியில் அண்டா, மாத்திரை அட்டைத் தகட்டில் தட்டு, ஈர்க்குச்சியில் விறகு. போன வாரம் அண்டாவுக்குக் கறுப்பு அடித்துக் காயவைத்திருந்தார். மாரிச்செல்வம் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கலரு தப்பு மச்சான்" என்றான்.

முப்பது வருஷத்தில் கோட்டைச்சாமியிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது. அடுப்படியில் முத்துலட்சுமி கரண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"என்ன தப்பு?"

"அண்டா முழுக்க ஒரே கறுப்பாவா இருக்கும்? அடியிலதான் கரி. மேல வர வரப் பழுப்பு. பருப்பு பொங்கி வழிஞ்ச எடத்துல மஞ்சளா ஒரு கோடு எறங்கியிருக்கும்."

கோட்டைச்சாமி எழுந்து அடுப்படிக்குப் போனார். கவிழ்த்து வைத்திருந்த பருப்புச் சட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்து, அண்டாவைச் சுரண்ட ஆரம்பித்தார்.

"மஞ்சள் எவ்வளவு தூரம் எறங்கும் மாப்ள?" என்று கேட்டார்.